நம்ம ஆளே சுட்டுட்டான்

‘அமரன்’ படத்தைக் கோவில்பட்டியில் அப்பாவோடு போய்ப் பார்த்தேன். 2024 தீபாவளி முடிந்து இரண்டாவது வாரம். அப்பா தியேட்டருக்குள் கால் வைத்தே பத்து வருஷம் இருக்கும். பட்டாளத்துப் படம் என்றதும் அவராகவே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். படம் முடிந்தபோது பாதிப்பேர் எழுந்து நின்றிருந்தார்கள். முன் வரிசையில் ஒரு அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அப்பா அழவில்லை. வெளியே வந்து நான் பைக்கைத் திருப்பும்போது மட்டும் கேட்டார்.

“எங்க அண்ணன வச்சு இப்படி ஒரு படம் எடுக்க முடியுமாய்யா?”

“ஏன் எடுக்க முடியாது?”

“வில்லன் யாரு?”

எனக்குப் பதில் வரவில்லை. பெரியப்பா ராணுவத்தில் இருந்தவர். 1990களில், வடகிழக்கில் ஒரு முகாமில், ரோந்து போய்விட்டு இருட்டும் நேரத்தில் திரும்பி வரும்போது, காவலுக்கு நின்ற சொந்த ஆள் சுட்டு இறந்துபோனார். இந்த ஒரு வாக்கியம் எங்கள் வீட்டுக்கு வந்துசேர இரண்டு வருஷம் ஆனது. அதற்கு முன்னால் வேறொரு வாக்கியம் வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ராணுவங்கள் தங்கள் ஆட்களின் சாவை வெளியே சொல்வதை ஓர் எழுத்து வகையாக எடுத்துக்கொண்டு வாசித்தால் என்ன என்று அன்றைக்கிருந்து ஒரு நினைப்பு. கவிதையையும் சிறுகதையையும் எப்படி வாசிக்கிறோமோ அப்படியேதான். எழுவாய் யார், வினை என்ன, எந்தச் சொல் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. இது அரசியல் கட்டுரையாளர்கள் செய்ய வேண்டிய வேலை என்று சிலர் சொல்லலாம். எனக்கு இலக்கணம் பார்க்கிற வேலை மட்டும்தான் தெரியும், அதைச் செய்கிறேன்.

*

முதலில் ‘அமரன்’. மேஜர் முகுந்த் வரதராஜன் 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் ஷோபியான் மாவட்டத்தில் நடந்த சண்டையில் இறந்தார். 2015 குடியரசு தினத்தன்று அவருக்கு அசோக் சக்ரா வழங்கப்பட்டது. மனைவி இந்து பெற்றுக்கொண்டார். ராஜ்குமார் பெரியசாமி அந்த மனைவியின் பக்கம் நின்று கதையைச் சொல்கிறார். சாய் பல்லவி இல்லையென்றால் பாதிப்படம் இல்லை. காஷ்மீர் ஊர்க்காரர்களைப் பெரும்பாலும் கூட்டமாகவே காட்டிவிட்டுப் போகிறது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனாலும் அந்தக் கடைசி அரைமணி நேரம் ஏன் அவ்வளவு பிடித்து இழுக்கிறது? சாவு முழுசாகச் சொல்லப்படுகிறது, அதனால்தான். எந்த ஊர், எந்த வீடு, உள்ளே எத்தனை பேர், எந்தப் பக்கத்திலிருந்து குண்டு வந்தது, விழுந்தவர் கடைசியாக யாரைப் பார்த்தார். ஒன்றும் மிச்சமில்லை.

இது இயக்குநரின் திறமை மட்டுமல்ல, அவருக்குக் கிடைத்த மூலமே அப்படி. எதிரியின் கையால் நேர்ந்த சாவுக்கு ராணுவம் தருகிற விவரம் எப்போதும் ஏறக்குறைய முழுக்கதையாகத்தான் இருக்கும். வீரப்பதக்கங்களோடு வாசிக்கிற குறிப்புகளைக் கேட்டுப் பாருங்கள். குடியரசு தின அணிவகுப்பில் ஒலிபெருக்கியில் வருமே, அதுதான். நேரம் இருக்கும், இடம் இருக்கும், எத்தனை மீட்டர் ஊர்ந்துபோனார் என்பதுகூட இருக்கும். ‘காயத்தைப் பொருட்படுத்தாமல்’ வந்துவிடும். கிட்டத்தட்ட திரைக்கதை. எதிரி ஒருவன் இருப்பதால் எழுவாய் தயாராக இருக்கிறது, மற்றச் சொற்கள் அதன் பின்னால் தானாக வந்து வரிசையில் நின்றுகொள்கின்றன.

எழுவாய் இல்லாத சாவுக்கு என்ன ஆகிறது என்று பார்க்க 2019 பிப்ரவரிக்குப் போகலாம். அந்த மாதத்தை எங்கள் பக்கத்து ஆட்கள் மறக்க மாட்டார்கள்.

*

பிப்ரவரி 14, புல்வாமா. ஜம்மு–ஸ்ரீநகர் நெடுஞ்சாலையில் லெத்போரா பக்கம் வெடிபொருள் ஏற்றிய கார் ஒன்று சி.ஆர்.பி.எஃப். பேருந்தில் மோதியதில் 40 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் அரியலூர் மாவட்டத்துச் சிவச்சந்திரன், இன்னொருவர் கயத்தாறு பக்கத்துச் சவலாப்பேரி சுப்பிரமணியன். கோவில்பட்டிக்காரனுக்குச் சவலாப்பேரி வெளியூர் கிடையாது. அந்த ஒரு வாரம் டீக்கடைகளில் வேறு பேச்சு இல்லை. பஜாரில் பிளக்ஸ், பள்ளிக்கூடத்தில் மௌன அஞ்சலி, ஆட்டோவின் பின்கண்ணாடியில் படம். அந்தச் சாவைச் சொல்ல யாரும் சொல் தேடவில்லை. ‘வீரமரணம்’ தயாராக இருந்தது. செய்தவர்கள் பெயரும் இருந்தது, ஜெய்ஷ்–இ–முகமது.

சரியாகப் பதின்மூன்று நாள் கழித்து, பிப்ரவரி 27 காலை. பாகிஸ்தான் விமானங்கள் எல்லைக்கு வர, இந்திய விமானங்கள் எதிர்த்து எழுந்தன. விங் கமாண்டர் அபிநந்தன் வர்த்தமானின் மிக்–21 வீழ்த்தப்பட்டு அவர் பாராசூட்டில் அந்தப் பக்கம் இறங்கினார். திருவண்ணாமலை மாவட்டத்துப் பூர்விகக் குடும்பம் என்பதால் தமிழ்நாடே இருப்புக்கொள்ளாமல் கிடந்தது. மார்ச் 1 அன்று வாகா வழியாக அவர் நடந்து வந்ததையும், அந்த மீசையையும், சலூன்களில் அந்த மீசை வைத்துக்கொண்ட பையன்களையும் சொல்லத் தேவையில்லை. (அவருடைய அப்பா, முன்னாள் விமானப்படை அதிகாரி, மணிரத்னத்தின் ‘காற்று வெளியிடை’ படத்துக்கு ஆலோசனை சொன்னவர் என்ற தகவல் அந்த இரண்டு நாளில் எத்தனை வாட்ஸ்அப் குழுவில் வந்தது என்று கணக்கில்லை.)

அதே காலை, அதே வானம். ஸ்ரீநகரிலிருந்து எழுந்த ஒரு எம்.ஐ–17 வி5 ஹெலிகாப்டர் பத்தே நிமிடத்தில் பட்காம் மாவட்டத்து வயலில் எரிந்து விழுந்தது. உள்ளே இருந்த விமானப்படையினர் ஆறு பேரும் தரையில் நின்ற உள்ளூர்க்காரர் ஒருவரும் இறந்தார்கள். அன்றைய செய்தி: ஹெலிகாப்டர் விபத்துக்குள்ளானது. தொழில்நுட்பக் கோளாறாக இருக்கலாம். அவ்வளவுதான். நாமெல்லாம் அபிநந்தனுக்கு வேண்டிக்கொண்டிருந்தோம், யாரும் கவனிக்கவில்லை.

அன்று இதைப் பற்றி வந்த அறிக்கைகளில் உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது பாகிஸ்தான் ராணுவச் செய்தித் தொடர்பாளர் சொன்னதுதான் என்பது ஒரு கொடுமையான வேடிக்கை. இன்னொரு இந்திய விமானம் விழுந்ததாகக் கேள்விப்படுகிறோம், அதற்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை என்றார் அவர். அவர் மற்ற விஷயங்களில் சொன்ன எண்ணிக்கையெல்லாம் மாறி மாறி வந்தன. இந்த ஒன்றில் பொய் சொல்ல அவருக்கு அவசியமில்லை.

மார்ச் கடைசியிலேயே பத்திரிகைகளில் கசிய ஆரம்பித்துவிட்டது. தமிழ்நாட்டில் ஏப்ரல் 18 வாக்குப்பதிவு, மே 23 வாக்கு எண்ணிக்கை, புது அரசு எல்லாம் முடிந்தன. அக்டோபர் 4 அன்று, பொறுப்பேற்று ஒரு வாரம்கூட ஆகாத விமானப்படைத் தலைமைத் தளபதி ஆர்.கே.எஸ். பதௌரியா வருடாந்தரச் செய்தியாளர் சந்திப்பில் சொன்னார்: ஹெலிகாப்டரைத் தாக்கியது நம்முடைய ஏவுகணைதான், அது பெரிய தவறு, ஒப்புக்கொள்கிறோம். ஸ்பைடர் என்ற இஸ்ரேலியத் தயாரிப்பு ஏவுகணை. வருவது எதிரியின் பறக்கும் கருவி என்று தரையில் இருந்தவர்கள் நினைத்துவிட்டார்கள். ‘நான் உங்கள் ஆள்’ என்று ரேடாருக்குச் சொல்லும் கருவி ஹெலிகாப்டரில் அணைந்திருந்தது, தரைக்கும் வானுக்கும் நடுவே பேச்சு ஒழுங்காக நடக்கவில்லை என்பதெல்லாம் விசாரணையில் வந்தவை.

பிப்ரவரி 27க்கும் அக்டோபர் 4க்கும் இடையில் 219 நாள். நான் எண்ணிப் பார்த்தேன்.

நியாயமாகப் பேசினால், பதௌரியா சொன்னதைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. ‘நம்முடைய’ என்ற சொல்லை மைக் முன்னால் உட்கார்ந்து ஒரு தளபதி சொல்வது எல்லா நாட்டிலும் நடப்பதில்லை. விசாரணை முடியாமல் காரணம் சொல்ல முடியாது என்பதும், சண்டைக்கு நடுவே நம் பாதுகாப்பில் எங்கே ஓட்டை என்று ஊருக்கு அறிவிக்க முடியாது என்பதும் சரியான வாதங்கள்தான். ஆனால் இந்த இரண்டு வாதமும் எதிரியால் நேர்ந்த சாவுக்கு ஏன் பொருந்துவதில்லை? புல்வாமாவில் யார் செய்தது, எவ்வளவு வெடிபொருள், எந்த வண்டி என்று அன்று சாயங்காலமே நமக்கெல்லாம் மனப்பாடம். அங்கே விசாரணைக்குக் காத்திருக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு அந்தத் தளத்தின் தலைமைச் செயல்பாட்டு அதிகாரியாக இருந்த குரூப் கேப்டனைப் பணிநீக்கம் செய்யும்படி 2023இல் ராணுவ நீதிமன்றம் பரிந்துரைத்தது. வழக்கு உயர் நீதிமன்றம் போனது. அதைத் தமிழில் எத்தனை பேர் வாசித்திருப்போம்?

*

இப்போது இலக்கணத்துக்கு வருகிறேன்.

‘ஹெலிகாப்டர் விபத்துக்குள்ளானது.’ இந்தச் சொற்றொடரை நிதானமாகப் பாருங்கள். விபத்து என்பது ஏற்கெனவே எங்கேயோ தோண்டி வைத்திருக்கும் கிடங்குபோலவும், ஹெலிகாப்டர் தானாகப் போய் அதற்குள் இறங்கியதுபோலவும் இருக்கிறது. ‘வீரமரணம் அடைந்தார்’ என்பதில் மரணம் ஓர் ஊர், அவர் போய்ச் சேர்ந்தார். ‘உயிரிழந்தார்’ என்றால் பர்ஸைத் தொலைத்ததுபோல உயிரை அவரே தொலைத்துவிட்டார். ‘பலியானார்’ என்ற சொல்லில் மட்டும் ஒரு பலிபீடம் தெரிகிறது, ஆனால் அரிவாளைப் பிடித்தவன் தெரிய மாட்டான். எதிரி கொன்றால் மட்டும்தான் நம் செய்தித் தமிழுக்குச் செய்வினை வரும்: ‘பயங்கரவாதிகள் சுட்டுக்கொன்றனர்’. சொந்த ஆள் சுட்டால் உடனே ‘தவறுதலாகச் சுடப்பட்டார்’ என்று வினை கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடும்.

ஆங்கிலத்தில் இதற்கு ‘ஃபிரெண்ட்லி ஃபயர்’ என்று ஒரு சொல் இருக்கிறது. கேட்கக் கேட்க விசித்திரமான சொல். குண்டுக்கு என்ன நட்பு? அவர்களுடைய ராணுவக் கையேடுகளில் ‘ஃபிராட்ரிசைட்’ என்றும் எழுதுகிறார்கள், உடன்பிறந்தவனைக் கொல்வது என்று பொருள். பத்திரிகைக்குப் போகும்போது நட்பு முன்னால் வந்து சகோதரன் பின்னால் போய்விடுகிறான். ஒரு மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் பார்த்தேன். ‘நட்பு தீ’ என்று வந்தது. புதுக்கவிதைத் தொகுப்புக்குத் தலைப்பாக வைக்கலாம்.

எழுத்துத் தமிழில் நமக்கு இதற்கு நிலைபெற்ற ஒரு சொல் இல்லை. பேச்சுத் தமிழில் இருக்கிறது, சொல் அல்ல, முழு வாக்கியம்: ‘நம்ம ஆளே சுட்டுட்டான்.’ ‘ஆளே’ என்பதில் உள்ள அந்த ஏகாரத்தைக் கவனியுங்கள். நம்பமுடியாமல் நிற்பது அத்தனையும் அதில் இருக்கிறது. ‘சுட்டான்’ இல்லை, ‘சுட்டுட்டான்’. சுட்டுவிட்டான். ‘விடு’ என்கிற துணைவினை வந்ததும் இனி திருப்ப முடியாது என்பதும் வேண்டுமென்று செய்யவில்லை என்பதும் சேர்ந்தே வந்துவிடுகின்றன. பாலைக் கொட்டிட்டான், கதவைத் தட்டிவிட்டுட்டான், சுட்டுட்டான். செய்தவன் யார் என்பதையும் மறைக்கவில்லை, அவனைக் கொலைகாரன் என்றும் சொல்லவில்லை. எந்த ராணுவத்தின் செய்தித் தொடர்புப் பிரிவும் இந்த அளவு நிதானமான ஒரு வாக்கியத்தை எழுதி நான் பார்த்ததில்லை. திண்ணையில் உட்கார்ந்திருக்கிற யாரும் சொல்லிவிடுவார்கள்.

*

நம் பழைய புறக்கவிதைகளில் காயம் ஒரு வாக்குமூலம். காக்கைபாடினியார் நச்செள்ளையாரின் புறநானூற்றுப் பாடலைப் பள்ளியில் எல்லோரும் படித்திருப்போம். மகன் புறமுதுகிட்டுச் செத்தான் என்று ஊர் சொல்ல, கிழவி வாளை எடுத்துக்கொண்டு போர்க்களத்துக்குப் போகிறாள், பிணங்களைப் புரட்டுகிறாள். அவன் ஓடவில்லை என்று தெரிந்ததும் பெற்ற நாளைவிட அதிகம் மகிழ்கிறாள். வெண்ணியில் கரிகாலனோடு போரிட்ட சேரமானுக்கு மார்பில் பாய்ந்த வேல் முதுகில் வெளியே வந்தது. முதுகில் காயம் என்ற ஒன்றுக்காக அவன் வடக்கிருந்து செத்தான். எந்தப் பக்கம் பட்டது என்பதே அந்த உலகத்தில் ஒரு மனிதனின் கடைசி மதிப்பெண்.

மாணவப் பருவத்தில் இதையெல்லாம் மெய்சிலிர்த்து வாசித்திருக்கிறேன். இப்போது வாசித்தால் வேறொன்று உறுத்துகிறது. சொந்தப் பக்கத்திலிருந்து வருகிற ஆயுதம் எங்கே படும்? முன்னால் எதிரி, பின்னால் நம் ஆட்கள். அது பெரும்பாலும் முதுகில்தான் படும். அந்தக் கிழவி பிணத்தைப் புரட்டி முதுகில் காயத்தைப் பார்த்திருந்தால் மகன் ஓடினான் என்றுதானே முடிவு கட்டியிருப்பாள்? இன்னொரு சாத்தியம் அந்தக் கவிதைக்குள் இல்லை. வெட்சி, கரந்தை, வஞ்சி, நொச்சி, உழிஞை, தும்பை என்று போருக்கு இத்தனை திணை பிரித்த மரபில், சொந்த வேல் பட்டு இறந்தவனுக்கு ஒரு தனி இடம் எனக்குத் தென்படவில்லை. பிழையாகச் சுடுவது துப்பாக்கி வந்த பிறகு வந்ததல்லவே. இருட்டில் ஆநிரை கவரப் போனவர்கள் ஒருவரையொருவர் குத்திக்கொள்ளாமலா இருந்திருப்பார்கள்?

ஆக, இந்த மௌனத்துக்கு ராணுவத்தின் செய்திப் பிரிவை மட்டும் குறை சொல்ல முடியாது. கேட்பவர்களாகிய நமக்கும் வேண்டியிருப்பது மார்புக் காயம்தான்.

அமெரிக்கர்கள் இதை ஒருமுறை எல்லை கடந்து செய்தார்கள். பாட் டில்மன் பெரிய கால்பந்தாட்டக்காரர், பல லட்சம் டாலர் ஒப்பந்தத்தை விட்டுவிட்டு ராணுவத்தில் சேர்ந்தவர். 2004 ஏப்ரல் 22 அன்று ஆப்கானிஸ்தானில் சொந்தப் படையினரின் குண்டில் இறந்தார். எதிரியோடு நேருக்கு நேர் மோதி இறந்ததாகச் சில்வர் ஸ்டார் பதக்கத்துக்குக் குறிப்பு எழுதினார்கள். நாடே பார்த்த நினைவுக் கூட்டத்தில் அதை வைத்தே பேசினார்கள். ஐந்து வாரம் கழித்துத்தான் குடும்பத்துக்கு உண்மை சொல்லப்பட்டது. அவருடைய சீருடையையும் கவச உடையையும் முன்னமே எரித்துவிட்டிருந்தார்கள். ‘தி டில்மன் ஸ்டோரி’ என்று 2010இல் ஓர் ஆவணப்படம் வந்தது. அமீர் பார்–லெவ் எடுத்தது. கிடைத்தால் பாருங்கள். அதில் அரசியல்வாதிகள் சாட்சி சொல்லும் காட்சிகளைவிட எனக்கு நிற்பது ஒன்றுதான்: டில்மனின் அம்மா மேரி, பெயர்களெல்லாம் கறுப்பு மையால் அடிக்கப்பட்ட ஆயிரக்கணக்கான பக்கங்களை வீட்டு மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு, அடித்த இடங்களின் நீளத்தை அளந்து யார் பெயர் இருந்திருக்கும் என்று நிரப்பப் பார்க்கிறார். குறுக்கெழுத்துப் போட்டி போல. நச்செள்ளையாரின் கிழவி பிணங்களைப் புரட்டினாள், இந்த அம்மா காகிதங்களைப் புரட்டுகிறார்.

படத்தின் குறை, அது சதியைத் தேடுவதில் கொஞ்சம் அதிகமாகவே ஆசைப்படுகிறது என்பது. பொய் மேலே எதுவரை போனது என்பது முக்கியம்தான். ஆனால் கீழே சுட்ட பையன்கள் அதற்குப் பிறகு எப்படி இருந்தார்கள் என்பது படத்தில் ஓரமாகவே வந்துபோகிறது.

*

இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். எதிரியால் நேர்ந்த சாவு முழுசாகச் சொல்லப்படுகிறது என்றேன். அது பாதி உண்மை. எழுவாயாக எதிரி வந்து உட்கார்ந்ததும் மற்றக் கேள்விகளுக்கு உட்கார இடமில்லாமல் போகிறது. புல்வாமாவில் ஏறக்குறைய 2,500 பேரை 78 வண்டிகளில் ஒரே சாலையில் ஒரே நாளில் ஏன் அனுப்பினார்கள்? அந்தச் சமயம் ஜம்மு காஷ்மீர் ஆளுநராக இருந்த சத்யபால் மாலிக், விமானம் கேட்டும் தரப்படவில்லை என்று 2023இல் ஒரு பேட்டியில் சொன்னார். நான்கு வருஷம் கழித்து. அவர் ஏன் அப்போதே உரக்கச் சொல்லவில்லை என்பது வேறு விஷயம். ‘ஜெய்ஷ்–இ–முகமது கொன்றது’ என்பது உண்மையான வாக்கியம். அந்த உண்மையை வைத்தே இன்னொரு வாக்கியத்தை வராமல் தடுத்துவிட முடிகிறது. பட்காமில் எழுவாய் இல்லாததால் கேள்வி எழவில்லை, புல்வாமாவில் எழுவாய் இருந்ததால் கேள்வி எழவில்லை. ரெண்டு பக்கமும் தப்பிக்கிறவர் ஒரே ஆள்தான்.

எங்கள் பக்கத்தில் இது பட்டாளத்து மொழி மட்டும் இல்லை. சாத்தூர், சிவகாசி பக்கம் பட்டாசு ஆலையில் வெடித்தால் மறுநாள் பேப்பரில் என்ன வரும்? ‘வெடி விபத்து. மருந்துக் கலவையின்போது உராய்வு ஏற்பட்டதால்.’ அந்த உராய்வு என்ற ஆள் இத்தனை வருஷத்தில் எத்தனை பேரைக் கொன்றிருக்கிறான்! ஒருமுறைகூட அவன் கோர்ட்டுக்கு வந்ததில்லை. சின்ன அறையில் எத்தனை பேரை உட்காரவைத்தார்கள், மருந்து எவ்வளவு குவிந்திருந்தது என்பதெல்லாம் உராய்வுக்குப் பின்னால் நின்றுகொள்ளும். கரிசலில் பிறந்தவனுக்கு இந்த வாக்கிய அமைப்பு தாய்ப்பாலோடு பழக்கம்.

சொல்லில் என்ன இருக்கிறது, போனவர் போனதுதானே என்று கேட்பவர்களுக்குக் கணக்கு காட்டலாம். ராணுவக் கோப்பில் சாவுக்கு வகை உண்டு. சண்டையில் நேர்ந்தது ‘பேட்டில் கேஷுவல்டி’, மற்றது ‘பிசிக்கல் கேஷுவல்டி’. வகை மாறினால் ஓய்வூதியம் மாறும். எதிரி நடவடிக்கையில் இறந்தால் இன்றைய விதிப்படி கடைசிச் சம்பளம் முழுவதும் குடும்ப ஓய்வூதியமாக வரும். பணியின்போது விபத்து என்றால் 60 சதவீதம். இன்னொன்று தெரியுமா? நாம் பிளக்ஸில் அச்சடிக்கிற ‘தியாகி’, ‘ஷஹீத்’ போன்ற எந்தப் பட்டமும் அந்தக் கோப்பில் கிடையாது. ராணுவத்தில் அப்படி ஒரு சொல் அதிகாரபூர்வமாக இல்லை என்று அரசே நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது.

1991இல் ஜம்மு காஷ்மீரில் ஒரு ராணுவ நடவடிக்கையின்போது சக சிப்பாயின் குண்டில் இறந்த ஒருவரின் அம்மா, எதிரி நடவடிக்கையில் இறந்தவர்களுக்குரிய ஓய்வூதியம் கேட்டார். ஆயுதப்படைத் தீர்ப்பாயம் 2022இல் அவர் பக்கம் சொன்னது, மத்திய அரசு மேல்முறையீடு போனது. சக வீரரின் குண்டு என்பதற்காக அந்தச் சிப்பாயின் குடும்பத்துக்கு உரியதை மறுக்க முடியாது என்று பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் 2025இல் சொன்னது. 34 வருஷம்.

வேறு மாதிரியும் செய்யலாம் என்பதற்கு வங்கதேசத்தில் ஓர் உதாரணம் உண்டு. 1971 டிசம்பர் 10 அன்று குல்னா அருகே விடுதலைப் படையின் பத்மா, பலாஷ் என்ற இரண்டு படகுகளை இந்திய விமானங்கள் எதிரிப் படகென்று நினைத்துத் தாக்கின. பலாஷின் இயந்திர அறையைக் காப்பாற்ற நின்ற ரூஹுல் அமீன் இறந்தார். வங்கதேசம் அவருக்குத் தன் மிக உயர்ந்த விருதான ‘பீர் ஸ்ரேஷ்டோ’வைக் கொடுத்தது. அதைப் பெற்றவர்கள் மொத்தம் ஏழே பேர். குண்டு யாருடையது என்பதை வைத்து அவர் நின்ற நிலையை அளக்கவில்லை.

*

பெரியப்பா விஷயம்.

தந்தி ஆங்கிலத்தில் வந்தது. ஊரில் வாசிக்கத் தெரிந்தவர் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர்தான். அவர் வாசித்துவிட்டு ‘ஆக்சிடென்ட்’ என்றார். எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் ஆக்சிடென்ட் என்றால் லாரி. வேறு அர்த்தமே கிடையாது. அதனால் பெரியப்பாவை லாரி அடித்துவிட்டது என்று இரண்டு வருஷம் ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. யாரும் பொய் சொல்லவில்லை. தந்தியும் பொய் இல்லை, வாத்தியாரும் பொய் சொல்லவில்லை. கார்கிலுக்கு முந்தின காலம். உடலை ஊருக்கு அனுப்புகிற வழக்கம் அவ்வளவாக இல்லை. ஒரு டிரங்குப் பெட்டியும் அஸ்தியும் வந்தன. புரட்டிப் பார்க்க ஒன்றுமில்லை. ஆச்சி அதற்குப் பிறகு எட்டயபுரம் ரோட்டில் லாரி வந்தால் பத்தடி தள்ளிப் புஞ்சைக்குள் இறங்கி நிற்பாளாம். அப்பா சொல்வார்.

இரண்டு வருஷம் கழித்து, பெரியப்பாவோடு இருந்தவர் என்று ஒருவர் லீவில் வந்தார். சேலம் பக்கத்து ஆள். திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டு, ரொம்ப நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: “நம்ம ஆளே சுட்டுட்டாம்மா. தெரியாம.”

தாத்தா உள்ளே எழுந்து போய்விட்டார். ஆச்சி கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தாளாம். எங்கே பட்டது, எத்தனை குண்டு, உடனே உயிர் போச்சா, ஒன்றும் கேட்கவில்லை.

“அந்தப் பையன் இருக்கானாய்யா?”

“இருக்காம்மா.”

“அவன் ஆத்தாகிட்ட சொல்லியிருப்பானா?”

அவர் தெரியாது என்றார். சாப்பிடாமலே கிளம்பிப் போனார், பிறகு வரவில்லை. வந்தவன்தான் சுட்டவனாக இருக்கும் என்று சித்தப்பா ஒருவர் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அது சினிமாத்தனமாகப் படுகிறது. நான் நம்பவில்லை. இருந்தாலும் எழுதிவைக்கிறேன்.

ஓய்வூதியத்தில் எந்த வகை என்று அப்போது கேட்க யாருக்கும் தெரியவில்லை. பெரியப்பாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. வந்த பணத்தில் கிணற்றில் மோட்டார் போட்டார்கள். கோவில்பட்டியில் போட்டோவைப் பெரிதாக்கிச் சட்டம் போடக் கொடுத்தபோது, கீழே ‘வீரமரணம்’ என்று எழுதட்டுமா என்று கடைக்காரர் கேட்டிருக்கிறார். பட்டாளத்து உடுப்பைப் பார்த்துவிட்டுக் கேட்டிருப்பார். லாரி அடித்ததற்கு அப்படி எழுதலாமா என்று தாத்தாவுக்குக் குழப்பம். வேண்டாம் என்றுவிட்டார். உண்மை தெரிந்த பிறகும் யாரும் மாற்றவில்லை. இன்றைக்கும் அதில் இருப்பது தோற்றம், மறைவு, இரண்டு தேதி.

‘அமரன்’ பார்த்துவிட்டு வந்த இரவு, சாப்பிட்டு முடித்து நான் போனை நோண்டிக்கொண்டிருந்தேன். அப்பா ஸ்டூலைப் போட்டு ஏறி அந்தப் படத்தை இறக்கித் துண்டால் துடைத்தார். திரும்ப மாட்டிவிட்டு இறங்கும்போது, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

“அந்தப் பையனுக்கும் இப்ப அம்பது வயசுக்கு மேல இருக்கும்ல?”